வீட்டுக்குப் போலாமா?

"அதெப்பிடி சார், கூப்பிடாம கதவை மூடறது?" என்றார் அப்பாவு.

ஹரிபிரசாத் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. அரசின் செலவைக் குறைக்க வழி சொல்லும் குழுவில் அவர் ஆலோசகர். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருந்த அந்த அரசு ஆஸ்பத்திரியில் சமையலறை, சலவை, தோட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் பிணவறையையும் பார்த்துவிடலாம் என்று வந்தால், இங்கே இப்படி ஒரு கூத்து.

பிணவறைக்கு இரண்டு ஆட்கள், அப்பாவுவும் ரங்கையாவும். உடலைக் குளிர்பெட்டிக்குள் தள்ளுவதற்கு முன் ஆளுக்கொரு காதருகே குனிந்து, இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்பாவு தமிழில், "வீட்டுக்குப் போலாமா?" என்கிறார். ரங்கையா தெலுங்கில், "இன்ட்டிக்கி போதாமா?" என்கிறார். அப்புறம் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

சற்று முன் அவர் கண்ணெதிரிலேயே அப்படிக் காத்திருந்தார்கள். கம்ப்ரெஸரின் முனகல் தவிர வேறு சத்தமில்லை. தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலை எதிர்பார்த்து நின்றதை நினைக்க அவருக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தப்புறம் எதுக்குக் கூப்பிடணும்?"

"எங்களுக்கு முன்னால இருந்தவங்க கூப்பிட்டுக்கினு இருந்தாங்க சார். நாங்களும் கூப்பிடறோம்."

"சரி, ரெண்டு பாஷை எதுக்கு?"

"நம்ம பக்கத்துல யாரு எந்த பாஷையில எழுந்துப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"இதுவரைக்கும் யாராவது எழுந்திருக்காங்களா?"

அப்பாவு ரங்கையாவைப் பார்த்தார். ரங்கையா தரையைப் பார்த்தார்.

"இல்ல சார்."

ஹரிபிரசாத்தின் குரல் இறங்கியது. "இத பாருங்க அப்பாவு. எங்க நைனா வட்டி கட்டறதுக்காகவே கடன் வாங்கினாரு. அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன். கடைசியில மாந்தோப்பே போச்சு. அரசாங்கமும் அப்பிடித்தான் போய்க்கினு இருக்குது. இப்ப வாயைக் கட்டி வயித்தைக் கட்டலன்னா எல்லாம் நம்ம பிள்ளைங்க தலையில விடியும்."

அது நடிப்பில்லை. தோப்பு கைமாறிய அன்று வேலிக்கு வெளியே நின்று அழுதவர் அவர்.

"கொறைக்க வேண்டியதுதான் சார், இல்லன்னு சொல்லல," என்றார் அப்பாவு. "ஆனா ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு இன்னா சார் செலவு?"

"ரெண்டு பேர் சம்பளம். ஒருத்தர் போதும். இனிமே உடம்பு வந்ததும் கதவைச் சாத்திடணும். யாரையும் கூப்பிடக் கூடாது."

"பெரிய எடத்து ஆளுங்க வந்தாக்கூடவா?"

"யாரா இருந்தாலும். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சரிங்க சார்."

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. ரங்கையாவின் வேலை போயிற்று. அதே உத்தரவில், அவசரப் பிரிவில் இருந்த இரண்டு டாக்டர்களில் ஒருவரின் பணியிடமும் போயிற்று.

மழைக்காலத்தில் ஹரிபிரசாத் மறுபடியும் அந்த அறைக்கு வந்தார். முந்தின நாள் விஜயபுரம் பக்கம் சுற்றிவிட்டு, புல் வெட்ட ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்த அரசு விருந்தினர் மாளிகையில் படுத்தவர், அங்கிருந்து நேரே வந்திருந்தார்.

அதே மருந்து வாசனை. அதே கம்ப்ரெஸர் முனகல். ரங்கையாவின் குரல் மட்டும் கேட்கவில்லை. உத்தரவை ஒழுங்காகத்தான் நிறைவேற்றியிருந்தார்கள்.

அவருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. நாற்காலி போடவில்லை. ரப்பர் செருப்புச் சத்தம் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"அட, நம்ம சாரு," என்றார் அப்பாவு மெதுவாக.

அந்தக் குரலைக் கேட்டதும் ஹரிபிரசாத்துக்கு அழுகையே வரும்போல இருந்தது. அப்பாவுவிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய வழக்கத்தை இன்றைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, செய்யச் சொல்ல வேண்டும்.

"நீதான் இட்டாந்தியா?" என்று அப்பாவு யாரையோ கேட்டார்.

"ஆமாண்ணா." அது அவருடைய டிரைவர் தேவேந்திரனின் குரல். "காலையில கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சார் எழுந்துக்கவே இல்ல. பூச்சி பொட்டு எதுனா கடிச்சிச்சோ இன்னாவோ. இங்க இருக்கறது ஒரே டாக்டரு, அவரைச் சுத்திக் கூட்டம். தொட்டுப் பார்த்தாரு, எழுதிக் கொடுத்துட்டாரு."

அப்பாவு பெருமூச்சு விட்டார்.

"அண்ணா, நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களாமே. சாரை ஒரு தபா கூப்பிடறீங்களா? மனசு கேக்கல."

அப்பாவு குனிந்தார். வெற்றிலை வாசனை ஹரிபிரசாத்தின் காதருகே வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விலகிப் போனது.

"வேணாம் தம்பி. யாரா இருந்தாலும் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னதே சாருதான். அவரு பேச்சை அவருகிட்டயே மீறினா, அவருக்கு இன்னா மரியாதை?"

கட்டுவிரியன் விஷத்தில் மரத்துப்போன உடம்புக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டதும் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று 'போலாம்' என்ற ஒரு சொல்லை நாக்கின் நுனிவரை கொண்டுவந்து வைத்திருந்த ஹரிபிரசாத்தின் காலடியில், குளிர்பெட்டியின் கதவு மூடிக்கொண்டது.