இரண்டாவது மாடிச் செடி

தட்டில் மாங்காய்க் கீற்றுகள் இருந்தன.

அவள் காபியை எதிர்பார்த்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணத்தையும் யோசித்து வைத்திருந்தாள்.

மாங்காய்க்குக் காரணம் எதுவும் கைவசம் இல்லை.

மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருந்தது. ஒவ்வொரு கீற்றும் மெல்லிசாக, ஆசையாக அரிந்தது.

எதிரே மாமியார் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு முகத்தைக் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

காபி வேண்டாம் என்றது. மத்தியானத்தில் படுத்துக்கொண்டது. கால்களைத் தூக்கிச் சுவரில் சாய்த்துப் படுத்திருந்தபோது கதவைத் திறந்த மாமியார், சத்தமில்லாமல் மறுபடி சாத்திவிட்டுப் போனது. காலையில் மாமியார் போனில் தன் அக்காவிடம் தணிந்த குரலில் பேசிச் சிரித்தது.

பிறகு அந்த மாடிப்படி.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடித் திருப்பத்தில், யாரோ காலிசெய்து போகும்போது விட்டுப்போன தொட்டியில் ஒரு ரோஜாச்செடி பட்டுப்போய் நின்றது. மூச்சு அடங்கும்வரை அவள் அதைப் பார்ப்பதுபோல நிற்பாள்.

"அந்தக் குச்சியில என்னத்தத்தான் அப்படிப் பாப்பியோ" என்று மாமியார் மேல்படியிலிருந்து சிரித்திருக்கிறாள்.

இந்த வாரம் சிரிக்கவில்லை. இறங்கிவந்து அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் யாருக்கும் அந்த விடைதான் வரும்.

நெஞ்சுக்குள் அது துள்ளியது.

கரண்ட் இல்லாதபோது படி இறங்குகிறவர், இன்னொரு படி இருப்பதாக நினைத்து வெறும் தரையில் காலை வைப்பது போல. ஒரு கணம்தான். பிறகு இதயம் தன் வழியில் போகும்.

அவள் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பே, ஸ்கேன் திரையில் டாக்டர் அவள் இதயத்தைக் காட்டியிருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கதவு. மூட வேண்டிய நேரத்தில் அதன் இதழ் ஒன்று கொஞ்சம் பின்னால் வளைந்தது, ஜன்னல் திரை காற்று வாங்குவதுபோல. நிறையப் பேருக்கு இருப்பதுதான் என்றார். காபியைக் குறைக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். துள்ளினால் கொஞ்சம் படுத்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

அவளுக்கு அந்தக் கதவைப் பிடித்துப்போயிற்று. யாரும் பார்க்காமலே இத்தனை காலம் திறந்து மூடிக்கொண்டிருந்த கதவு.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று அவளை உள்ளே கூட்டிப்போய், "அந்த ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாத கண்ணு, திருப்பி அனுப்பிப்போடுவாங்க" என்றாள்.

அவள் ஒரு கீற்றை எடுத்தாள்.

இதைத் தின்றால் போதும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போய்விடும்.

மாமியாரின் முகம் இன்னும் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளால் தின்ன முடியவில்லை. கீற்றைத் தட்டிலேயே வைத்தாள். விரலில் உப்பு ஒட்டியிருந்தது.

"அத்தை, அது இல்லீங்க. எனக்கு நெஞ்சுல ஒண்ணு இருக்குதுங்க."

சொன்னாள். கதவைச் சொன்னாள். வளையும் இதழைச் சொன்னாள். பிள்ளை பெற அது தடையில்லை, கூடவே டாக்டரைப் பார்த்துக்கொண்டால் போதும் என்பதையும் சொன்னாள். அம்மா சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

மாமியார் எழுந்து சமையலறைக்குள் போனாள்.

குழாய் திறக்கும் சத்தம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் எதையும் கழுவுகிற மாதிரி தெரியவில்லை.

அவள் பரண்மேல் இருந்த தன் பெட்டியைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வாங்கியது. பிளாஸ்டிக் உறையை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

குழாய் நின்றது.

திரும்பி வந்து உட்கார்ந்த மாமியாரின் முகம் ஈரமாக இருந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

கணவனைத்தான் கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"மில்லுல இருந்து வந்ததும் நீயே சொல்லிப்போடு. நானும் கூட உக்காந்துக்கறேன்."

கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்றது. பிறகு கிளம்பிப் போயிற்று.

"உங்கம்மாதான சொல்ல வேண்டாம்னது?"

அவள் விரலில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்தாள்.

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள் மாமியார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அக்காகிட்ட வேற சொல்லித் தொலச்சுட்டேன். இப்ப இதையும் நானேதான் திங்கோணும்."

ஒரு கீற்றைக் கடித்தாள். புளிப்பில் கண்கள் மூடிக்கொண்டன. திறக்கக் கொஞ்சம் நேரமானது.

வெயில் தணிந்ததும் இரண்டு பேரும் தயிர் வாங்கப் போய்விட்டு வந்தார்கள்.

ஏறும்போது அவள் நெஞ்சு அமைதியாக இருந்தது. இன்றைக்கு நிற்காமலே போய்விடலாம் போலத் தோன்றியது.

முன்னால் போன மாமியார் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள்.

அவளும் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாக்கப் பாக்க நல்லாத்தான் இருக்குது" என்றாள் மாமியார்.

நகரவில்லை.