நோட்டில் இருந்த அப்பா

"எடுங்க, எடுங்க! அது துணி இல்ல, நோட்டு!"

மனைவி கத்திய கத்தலில் தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவிட்டார். என்ன, தூக்க வேண்டிய நேரத்துக்கு மூன்று நிமிடம் தள்ளித் தூக்கினார்.

குற்றம் முழுக்க அவருடையதுதான். பாப்பா மறந்து வைத்துவிட்டுப் போன பள்ளி நோட்டில் டீயைக் கொட்டியவர் அவர். இஸ்திரி போட்டால் காய்ந்துவிடுமே என்று மூளையைக் கசக்கியவரும் அவரே. வாசலில் நின்ற வாடிக்கையாளரிடம் 'நாளைக்குக் கட்டாயம் தந்துடறேன்' என்று தொழில் தர்மப்படி பொய் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் புகை வந்துவிட்டது. பக்கத்தின் நடுவில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு மாதிரியே ஒரு முக்கோணம். தொட்டதும் உதிர்ந்து ஓட்டையானது.

மிச்சத்தையாவது படிப்போம் என்று கண்ணாடியை மாட்டினார். மேலே டீச்சர் ஒட்டியிருந்த கேள்வி: 'இன்று உன் படிப்புக்கு வீட்டில் யார் உதவினார்? எப்படி?' கீழே பாப்பாவின் குண்டு குண்டு எழுத்து.

'திங்கள்: அப்பா...' ஓட்டை. '...வைத்துக் கால், அரை, முக்கால் சொல்லிக் கொடுத்தார்.'

'செவ்வாய்: அப்பா...' மறுபடியும் அதே ஓட்டை. '...கேள்வி கேட்டார். விடை சொன்னேன்.'

ஓரத்தில் சிவப்பு மை: 'கணக்கில் வகுப்பிலேயே முதல்! வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அப்பாவை அழைத்து வா. நான் அவரைப் பார்க்க வேண்டும்.'

வெள்ளிக்கிழமை என்றால் நாளைக்கு.

தையல்காரருக்கு ஊசி ஏறியது போலிருந்தது, விரலில் அல்ல. பாப்பா இப்போது படிக்கிற அதே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். கணக்கும் அவரும் ஒருவரை ஒருவர் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பார்கள். இன்றுவரை பாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வரி பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்படியானால் இந்த அப்பா யார்?

"ஏம்மா, நான் வெளிய போற நேரத்துல இங்க யாராவது வர்றாங்களா?"

"வராம? 'என் துணி ரெடியா'ன்னு பத்துப் பேர் வந்து திட்டிட்டுப் போறாங்க."

"விளையாடாதே. பாப்பாவைப் பார்க்கன்னு யாராவது?"

மனைவி நோட்டை வாங்கிப் படித்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "எழுதினவளையே கேளுங்களேன். நான் எதுக்கு நடுவுல?"

சிரிப்பு வேறா! திரும்பியவர் கண்ணில் அது பட்டது. கொடியில் அவருடைய ஒரே வெள்ளைச் சட்டை, வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் பொத்தான் தைப்பவரின் சட்டையில் ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்த மூன்றாவது பொத்தான் அதில் புதிதாக முளைத்திருந்தது.

"இது எதுக்கு?"

"நாளைக்கு வேணும்."

"யாருக்கு?"

"போட்டுக்கப் போறவங்களுக்கு."

ஆக, என் சட்டையையே மாட்டி அனுப்பப் போகிறார்களா! அவன் திரும்பி வந்துவிட்டானோ? அவருக்குள் அந்தக் கேள்வி எழுந்தது. அந்த 'அவன்' யார் என்று அவர் மனசுக்குள்கூடப் பெயர் சொல்லிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பாப்பா வந்தாள். பையை எறிந்துவிட்டு, தினமும் போல வெட்டுமேசையின் மறுமுனையில் ஏறி உட்கார்ந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அளவுச் சட்டையை அளந்து அவர் சொல்லச் சொல்ல, அவள்தான் எழுதுவாள்.

"தோள் பதினாலே கால். கை ஒன்பதே முக்கால்... நாளைக்கு ஸ்கூலுக்கு யாரையோ வரச் சொல்லியிருக்காங்களாமே?"

"ம்."

"யாரு வர்றாங்க?"

"இன்னும் கேக்கல. கேட்டா வருவாங்களான்னும் தெரியல."

டேப் அவர் கையிலிருந்து நழுவியது. சமாளிக்கப் பக்கத்தில் கிடந்த துணியை இழுத்தார். "ரெண்டரை மீட்டர் இருக்கு. ஒரு பைக்கு முப்பத்தஞ்சு சென்டிமீட்டர். எத்தனை பை தேறும்?"

"ஏழு. அஞ்சு சென்டிமீட்டர் மிச்சம்." பேனாவைக்கூட எடுக்கவில்லை.

"இப்படியெல்லாம் உனக்கு யாரு சொல்லித் தர்றது?" கருகிய நோட்டை அவள் முன் வைத்தார். "டீ கொட்டினதும் நான், சுட்டதும் நான். மன்னிச்சுக்கோ. ஆனா சுத்தி வளைக்காம நேராச் சொல்லு பாப்பா. இதுல இருக்கிற அப்பா யாரு?"

பாப்பா நோட்டைத் தூக்கி, முக்கோண ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"ஓட்டை இருக்கிற இடத்துல, மேல 'டேப்'னு எழுதியிருந்தேன். கீழ 'துணி வெட்டும்போது'."

அவர் டேப்பையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாப்பா நோட்டை இறக்கிவிட்டு, நழுவிய டேப்பின் நுனியைத் தேடி எடுத்தாள். "நீங்க அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து மூணு வருஷம் ஆச்சுல்ல? அப்பான்னு எழுத வந்துடுச்சு. கூப்பிடத்தான் இன்னும் வாய் வர மாட்டேங்குது, டெய்லர் மாமா."