சோத்தாங்கை நூல்

நூல் அறுந்தது.

சத்தமே இல்லை. பொம்மை மேடைக்கு மேலே, பரணில் குனிந்து நின்றவளின் விரலில் திடீரென்று பாரம் குறைந்தது, அவ்வளவுதான்.

கீழே, விளக்கு வெளிச்சத்தில், பூசணியின் வலது கை தொப்பென்று மடியில் விழுந்தது.

நிகழ்ச்சி நேரலை.

பூசணி மரப்பொம்மை. தொப்பை பெரிது, வாய் அதைவிடப் பெரிது. காலையில் தொலைக்காட்சியில் அவன் இட்லி தின்றால்தான் ஊர்ப் பிள்ளைகள் வாயைத் திறக்கும். ஒருமுறை நிலையத்தில் மின்சாரம் போய் நிகழ்ச்சி நின்றது. அன்றைக்கு நாலு மாவட்டத்தில் இட்லி மிஞ்சி, தெருநாய்கள் நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தன.

இட்லிக்குத் தனி நூல். அதைப் பிடிக்கத் தனி ஆள், தெய்வசிகாமணி. அவர் இட்லியைத் தூக்க, அவள் கையைத் தூக்க, இரண்டும் சேர்ந்து வாய்க்குப் போகவேண்டும்.

தெய்வசிகாமணி தூக்கிவிட்டார்.

இட்லி தட்டைவிட்டுத் தனியாகக் கிளம்பியது.

அவள் கண்ணால் கெஞ்சினாள். பரணில் பேசக்கூடாது, கீழே மைக். தெய்வசிகாமணியின் கண்ணோ இட்லியைவிட்டு நகரவில்லை. கடமை தவறாத மனிதர்.

இட்லி தானாகப் பறந்துபோய் வாய்க்குள் நுழைந்தால், நாளையிலிருந்து எந்தப் பிள்ளையும் கையை நீட்டாது. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும்.

இடது கை நூல் மிச்சமிருந்தது.

அந்தக் கை இடுப்பைவிட்டு அசையக்கூடாது என்பது தயாரிப்பாளர் ஞானப்பிரகாசத்தின் சட்டம். போன தீபாவளிக்குப் பூசணி அந்தக் கையால் மூக்கைச் சொறிந்தான். சொறியவைத்தவர் இப்போது வேறு ஊரில் பலூன் விற்கிறார்.

இட்லி தொப்பையைத் தாண்டியது.

வேலைக்கு எடுத்த அன்று ஞானப்பிரகாசம் இலை போட்டு அவளைச் சாப்பிடவைத்துப் பார்த்தார். வலது கையால்தான் தின்றாள். சின்ன வயதில் அவள் அம்மா கரண்டியைக் காய்ச்சிச் சூடுவைத்துப் பழக்கியது அது. கரண்டி எப்போதோ தொலைந்துவிட்டது. அதன் விளிம்பு மட்டும் இடது மணிக்கட்டில் தழும்பாக இருக்கிறது.

இட்லி கழுத்துக்கு வந்தது.

கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்கு அப்பால் ஞானப்பிரகாசம் எழுந்து நின்றார். தலையை ஆட்டினார். வேண்டாம்.

அவள் இடது நூலை இழுத்தாள்.

கை பதறாமல் எழுந்தது. பிறந்ததிலிருந்தே அப்படித் தின்றவன்போல் பூசணி இட்லியைப் பிடித்தான். வாயில் போட்டான். நிதானமாக மென்றான்.

விளம்பரம் வந்தது. கூடவே தொலைபேசி.

ஞானப்பிரகாசம் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். பரண்வரைக்கும் கேட்டது.

"ஏங்க, அடிச்சு அடிச்சு எம் மகளச் சோத்தாங்கையில திங்கவச்சிருந்தேன்! உங்க பொம்ம ஒரே வாயில கெடுத்துப்புடுச்சே! இப்பப் பீச்சாங்கைய வச்சுக்கிட்டு, தட்டப் புடுங்குனாலும் விடமாட்டேங்கிறா!"

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சிறுமி சிரித்தாள். வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

ஞானப்பிரகாசம் ரிசீவரை வைத்தார். அவளைப் பார்த்து வாசலைக் காட்டினார்.

மறுநாள் பூசணிக்குப் புது நூல், புது ஆள்.

அவள் தன் தெரு டீக்கடையில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இட்லியை இடது கையால் பிட்டாள். கடைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

திரையில் இட்லி எழுந்தது. வலது கை எழுந்தது. இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்து வந்து உதட்டில் முட்டி நின்றன.

பூசணி வாயைத் திறக்கவில்லை.