ஒரு பூச்சியாவது

ஷெரின் கனடாவுக்குப் போகுமுன் ஜன்னலோரக் குரோட்டன்ஸ் தொட்டியின் சென்சாருக்குத் தன் குரலை வைத்துவிட்டுப் போனாள். செடியில் பூச்சி விழுந்தால் கூடத்து ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்கும்: "அம்மா, இலைக்கு அடியில மாவுப்பூச்சி. தொடச்சி விடும்மா." பஞ்சை வேப்பெண்ணெயில் நனைத்துத் துடைத்தால் தொட்டி வாயை மூடிக்கொள்ளும்.

மகளின் ஃபோன் குறைந்துகொண்டே வந்தது. ரெஜினா துடைப்பதை நிறுத்தினாள். வெள்ளை வெள்ளையாகப் பூச்சி பெருகப் பெருக, தொட்டியின் பேச்சும் கூடியது. கெஞ்சல், சிணுங்கல் எல்லாம் ஷெரினேதான். "முடியலம்மா, கொஞ்சம் வாயேன்" என்று அது கூப்பிடும்போது ரெஜினாவுக்கு மனசு நிறைந்துவிடும். "இரி மக்களே, நாளைக்கு வாறேன்" என்று அடுக்களையிலிருந்தே கொஞ்சுவாள்.

இன்று பதினோரு மணிக்கும் அந்தக் குரல் கூப்பிட, மீன் கழுவிக்கொண்டே அப்படித்தான் சொன்னாள். குரல் ஏனோ சட்டென்று நின்றுவிட்டது.

மதியம் சாப்பிடும்போது கணவர் டேவிட்சன் சொன்னார்: "காலைல ஆறு மணிக்கே அந்தச் செடிய நல்லா தொடச்சி விட்டுட்டேன். விட்டா பட்டுப்போயிருக்கும், பாவம்."

ரெஜினாவின் கை சோற்றிலேயே நின்றது. ஷெரின் ஃபோன் செய்தால் தானாகத் திறப்பதும் அதே ஸ்பீக்கர்தான்.

மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எச்சில் கையோடு ஜன்னலுக்கு ஓடி, பளபளக்கும் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு பூச்சியாவது மிச்சம் இருக்காதா என்று.