அறுபதாயிரம் அடிக்கு மேல்

அறுபதாயிரம் அடி வரைதான் பூங்கோதையின் அதிகாரம். அதற்கு மேலே ஏறிவிட்ட விமானத்தை இப்படிப் போ, அங்கே நில் என்று சொல்லக் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் உரிமையில்லை. மேல்காற்றை அளக்க ஒற்றையாள் விமானத்தில் ஏறும் இன்னாசி, அந்த உயரத்தைத் தொட்டதும் எல்லை தாண்டுவதாக ஆங்கிலத்தில் அறிவித்தால் போதும். அவனோ அதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில், "போயிட்டு வரேங்க" என்பான். முகம் பார்த்திராத அந்தக் குரலுக்காகவே அவள் காலைப் பணியைக் கேட்டு வாங்கியிருந்தாள். பதில் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அலைவரிசையில் சொந்தப் பேச்சு கூடாது.

இன்று அவன், "போறேங்க" என்றான்.

வாய் தவறியிருக்கும். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், அம்மா வாசலிலேயே மறித்து, திருத்திச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். திரையில் அவனுடைய புள்ளி எல்லையைத் தாண்டியிருந்தது. பூங்கோதை மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால்தான் அவன் பதில் கேட்கும். அவள் இன்னும் எடுக்கவில்லை.