பால் வெள்ளை

“எழவு வீடு மாதிரி இருக்குலே. இதப் பாத்துட்டு எவன் ரூம் எடுப்பான்?”

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் செல்லப்பா அண்ணாச்சி போனில் கத்தினார். லாட்ஜுக்குப் பின்னால் ஓடும் ஓடையைச் சற்று முன்புதான் படம் பிடித்து அனுப்பியிருந்தார். தென்காசியில், தன் ஒற்றை அறை ஸ்டுடியோவில் இருந்த சுடலைராஜ் அதைத் திரையில் ஓடவிட்டான். வானம் சாம்பல், பாறை கறுப்பு, தண்ணீர் டீ நிறம். இழவு வீடேதான்.

“தண்ணி கலங்கி வருதே அண்ணாச்சி. மேல மழை போல.”

“பெய்யட்டும். கலங்கல் தண்ணியில நம்ம ஊர்க்காரன் எறங்க மாட்டாம்லா, அதான் மாத்தச் சொல்லுதேன். பாத்தாலே குளிக்கணும்னு தோணணும்.”

முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சீசன் முழுக்க அவர் கொடுக்கும் வேலையில்தான் கடை ஓடுகிறது. “சரி அண்ணாச்சி” என்றான்.

நடுவில் மகள் அனுசியா வீட்டிலிருந்து கூப்பிட்டாள்.

“அப்பா, லீவுக்கு வந்திருக்க சென்னை அக்காமாரோட குளிக்கப் போகட்டுமா?”

“வேலையா இருக்கேன். அம்மாட்ட கேளுட்டி.”

தண்ணீர் விஷயத்தில் அவன் மனைவி இசக்கிச்செல்வி படு கறார். எப்படியும் விடமாட்டாள்.

வானத்துக்கு இளநீலம் கொடுத்தான். இலைகள் மேல் கொஞ்சம் மஞ்சள் வெயில். பழுப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைப் பால் வெள்ளையாக்கினான். அழுதுகொண்டிருந்த ஓடை சிரிக்க ஆரம்பித்தது. ‘இன்றைய குற்றாலம்’ என்று லாட்ஜ் பெயரோடு போட்டதுமே லைக் குவிந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் மறுபடியும் அண்ணாச்சி. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தான்.

“ஏலே, அந்த வீடியோவ ஒடனே எடுத்துரு! தண்ணி திடீர்னு கூடிட்டு. பொம்பளப் பிள்ளைய நாலு பேரு நடுப்பாறையில மாட்டிக்கிட்டு நிக்காவ. கயிறு வீசுனா எட்ட மாட்டேங்கு. என்ன செய்யன்னே தெரியல.”

சுடலைராஜ் அழைப்பைத் துண்டித்தான். வீட்டுக்குப் போன் போட்டான்.

“அனுசியா எங்கட்டி?”

“அண்ணாச்சி லாட்ஜ் ஓடைக்குப் போயிருக்கா. கலங்கலா இருக்குமோன்னு மொதல்ல நான் விடல” என்றாள் இசக்கிச்செல்வி சாவகாசமாக. “பொறவு ஒங்க வீடியோவப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன்.”