சிவப்புக் கோட்டுக்கு உள்ளே

கடைசி நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்கிய ஒரே ஆள் சர்வேயர்தான்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்கு இரண்டு மைல் நடை. நிலக்கரி ரயில் போன பழைய மேடுதான் பாதை. தண்டவாளத்தை என்றைக்கோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சரளைக்கல் மட்டும் மிச்சம்.

ஓய்வுபெற்று எட்டு வருடமாகியும் அவர் கண் சும்மா இருக்காது. இடப்பக்க வயலில் ஒரு குளம். யாரும் வெட்டியதல்ல. தரை தானாகத் தாழ்ந்து தண்ணீர் சேர்ந்தது. அதன் இரு கரையிலும் மின்கம்பங்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வைப் பார்த்தே பள்ளத்தின் நடு எது என்று சொல்லிவிடலாம்.

கீழே நடந்தது எளிய விஷயம். சுரங்கத்தில் நிலக்கரியை வெட்டிக்கொண்டு போகும்போது, கூரை விழாமலிருக்க அங்கங்கே கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். எல்லை வரை போய்விட்டுத் திரும்பி வரும்போது அந்தத் தூண்களையும் எடுத்துவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் கூரை இடிந்து விழும். விழட்டும் என்றுதான் விடுவது. சில மாதங்களில் மேலே நிலம், மெத்தையில் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கும்.

ரயில் பாதைக்கு அடியில் மட்டும் தூணை எடுக்கக் கூடாது. வரைபடத்தில் அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோட்டுக்கு உள்ளே யாரும் கைவைக்க முடியாது.

அந்தக் கோட்டைப் போட்டவர் இவர்.

ரயில் மேட்டிலிருந்து விலகிப் போகும் தெருவில் அப்போது இருபத்திரண்டு வீடுகள். மேட்டை ஒட்டிய முதல் வீடு அக்காவுடையது. கோட்டைச் சுண்டுவிரல் அகலம் தள்ளிப் போட்டால் அது உள்ளே வந்துவிடும்.

தள்ளிப் போட்டார். யாரும் கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்குள் மற்ற வீடுகளெல்லாம் விரிசல் விட்டன. சுரங்க நிர்வாகம் பதினோரு மைல் தள்ளிப் புதுக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தது. இருபத்தொரு குடும்பங்களும் லாரிகளில் ஏறிப் போயின. ஒரு கீறல்கூட விழாத வீட்டுக்கு மாற்று வீடு எதற்கு என்று அக்காவிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இப்போது அந்தத் தெருவில் இருபத்தொரு வாசற்படிகளும் ஒரு வீடும் இருக்கின்றன.

அத்தான் போன பிறகு நான்கு வருடமாக அவர் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். உன் அத்தான் போட்ட அஸ்திவாரம், ஊரே உட்கார்ந்தபோதும் இது உட்காரவில்லை, இதை விட்டுவிட்டு எங்கே வருவது?

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பியிருந்தார். அந்தப் பெருமை போய்விட்டால் அக்காவை அங்கே பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஆனால் செத்துப்போன மனிதரிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று இரண்டு மைலும் யோசித்துக்கொண்டே நடந்தார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாய் என்றாள், போன தடவை ஊதிவிட்டாய் என்றவள். வானொலியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு மூன்று நாளாக ஜலதோஷம், ஒரு கஷாயம் வைத்துக் கொடுக்கக்கூட அவளுக்கு ஆள் இல்லை போலிருக்கிறது என்றாள்.

அவர் தூண்களிலிருந்து ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல உற்சாகம் வந்துவிட்டது. மேலே ஒரு வீடு நிற்க வேண்டுமானால் கீழே அதைப்போலப் பல மடங்கு அகலத்துக்குக் கரியை விட வேண்டும் என்று தரையில் விரலால் வரைந்து காட்டினார். கடைசியில்தான் கோட்டுக்கு வந்தார்.

அக்கா ஒரு தலையணை உறையை மடித்து முடித்தாள். தெரியும் என்றாள். அத்தான் அப்போதே சொல்லிவிட்டாராம், நாலடி அஸ்திவாரத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, இது உன் தம்பி பார்த்த வேலை என்று. வெளியே தெரிந்தால் தம்பிக்கு வேலை போய்விடும் என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் அஸ்திவாரம் என்று சொல்லிவைத்தாளாம். சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டதாம்.

அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தார். வாசலுக்கு மேலே சுவரில், இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டிய விரல் நீளக் கண்ணாடித் துண்டு இன்னும் இருந்தது.

தெரு அமுங்கிய அந்த வருடம் எல்லா வீட்டுச் சுவரிலும் அவர்தான் அதை ஒட்டினார். சுவர் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு வளையத் தெரியாது. மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். அது உடைந்து, பின்னால் சுவரிலும் விரிசல் இருந்தால் மாற்று வீடு. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். இங்கேயும் மூன்று தடவை உடைந்தது. சுவரில் விரிசல் இல்லை. கதவு அடித்த அதிர்ச்சி என்று எழுதிவிட்டு வேறு ஒட்டினார்.

“இந்தக் கதவு அடிச்ச அடியில மூணு கண்ணாடி போச்சேக்கா” என்றார் சிரித்துக்கொண்டே.

அக்கா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

“கதவு இல்லடா, கரண்டிக் காம்பு. அப்ப லாரியில கூடப் போக ஆளுங்க இருந்தாங்க. ஒவ்வொரு தடவையும் நீதான் அவ்வளவு சந்தோஷமா வந்து புதுசு ஒட்டிட்டுப் போன.”